பாண் என்ற சொல்: போறணைப் பாணும் யாழ்ப்பாணத்துப் பாணும்

நல்லூரடி:
வணக்கம். நான் தமிழ் படிப்பிக்கிற ஆள். போன கிழமை பத்தாம் ஆண்டுக்குச் சங்க இலக்கிய அறிமுகம். கரும்பலகையில் ‘சிறுபாணாற்றுப்படை’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். பின் வாங்கில் இருந்த ஒரு பெடியன் கையை உயர்த்தி, “ரீச்சர், சிறுபாண் என்றால் பணிஸா?” என்று கேட்டான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டான். அவனுடைய வீட்டில் விடிய ஒரு பாண், பின்னேரம் ஒரு பாண். அவன் அறிந்த பாண் அதுதான், ஆங்கிலத்தில் ‘பிரெட்’.

‘பாண் என்றால் பாட்டு, பாணர் என்றால் பாடுகிறவர்’ என்று சொல்லிப் பாடத்தை நடத்தி முடித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி என்னை விடவில்லை. நாங்கள் இருக்கிற ஊரின் பெயரிலேயே பாண் இருக்கிறது. சந்திக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் பாண் இருக்கிறது. இரண்டும் ஒரே எழுத்து, ஒரே ஒலி. கடைப் பாண் போர்த்துக்கேயச் சொல் என்பது எனக்குத் தெரியும். அந்த மொழியில் அது ‘பாவ்ங்’ என்பது போல மூக்கால் முடியும். அப்படியென்றால் எங்களிடம் அது ஏன் மூன்று சுழி ண் போட்டு வந்தது? ‘பான்’ என்று இரண்டு சுழியோடு வந்திருக்கலாமே? சிங்களத்தில் சாதாரண ன் தானே.

இந்தச் சொல்லைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். அந்தப் பெடியனுக்கு ஒரு முழுப் பதில் கொண்டுபோக வேண்டும்.

போறணைக்காரன்:
ரீச்சர், நான் மூன்றாம் தலைமுறைப் பாண்காரன். எங்கள் அப்பப்பா சுன்னாகத்துப் பக்கம் போறணை வைத்திருந்தவர். மொழி ஆராய்ச்சி எனக்குத் தெரியாது. தொழிலில் புழங்குகிற சொற்களைச் சொல்கிறேன்.

முதலில் ‘போறணை’. இதுவும் பாணோடு கூட வந்த சொல்தான். போர்த்துக்கேய மொழியில் பாண் சுடுகிற அடுப்புக்கு ‘ஃபோர்னோ’ என்பார்கள். எங்கள் வாயில் ஃ நிற்காது, ப ஆகிவிடும். சிங்களத்தில் ‘போரணுவ’. அங்கேயும் மூன்று சுழி ணகரம்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பல இடங்களில் மின்சாரப் போறணை, காஸ் போறணை வந்துவிட்டது. எங்களுடையது இன்னும் விறகுதான். கல்லால் கட்டிய கூடாரம் மாதிரி இருக்கும், வாய் சின்னது. உள்ளே விறகை அடுக்கி எரிப்போம். கல் சூடு குடித்த பிறகு தணலை வாரி எடுத்துவிட்டு, நீளத் தடியில் ஈரச் சாக்கைச் சுற்றித் தளத்தைத் துடைப்போம். பிறகு அப்பப்பா ஒரு பிடி கோதுமை மாவை உள்ளே வீசுவார். மா உடனே கறுத்தால் சூடு கூட, கொஞ்சம் பொறுக்கவேண்டும். மெல்ல மெல்லப் பொன்னிறமாக வந்தால் ‘சரி, போடு’ என்பார். சூடு அளக்கிற கருவி எதுவும் எங்கள் போறணையில் இருந்ததில்லை. நானும் இன்றைக்கும் மாவைத்தான் வீசுகிறேன்.

‘றாத்தல்’. எங்களில் வயது போனவர்கள் வந்தால் ‘ஒரு றாத்தல் பாண் தா’ என்றுதான் கேட்பார்கள். றாத்தல் என்றால் ஆங்கில இறாத்தல் கணக்கில் 453 கிராமும் கொஞ்சமும். இன்றைக்குப் பாணின் கணக்கு நிறை 450 கிராம் என்று இருப்பது அந்தப் பழைய றாத்தலின் மிச்சம்தான். கிலோ வந்து எவ்வளவோ காலம், பாண் மட்டும் இறாத்தலை விடவில்லை.

வகைகளில் அச்சுப் பாண் தகரப் பெட்டிக்குள் வேகிறது. றோஸ் பாண் தட்டையாகச் சுடுவது, கரை முறுகலாக இருக்கும். அது ‘ரோஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல். ரோசாப்பூ என்று நினைக்கிற சின்னப் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பணிஸ் என்பது ‘பன்’ என்பதன் பன்மை. ஒன்று வாங்கினாலும் எங்களுக்கு அது பணிஸ்தான். பாருங்கள், அங்கேயும் ண.

அப்பப்பா தொடங்கின காலத்தில் ஈஸ்ட் கிடைப்பது கஷ்டம். பனங்கள்ளை விட்டுத்தான் மாவைப் புளிக்க வைத்தாராம். அப்பத்துக்குக் கள் விடுகிறவர்கள் எங்கள் ஊரில் எப்போதும் இருந்தார்கள், ஆகவே யாருக்கும் அது புதுமையாகத் தெரியவில்லை.

சுருட்டுக்கொட்டில்:
நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். நல்லூரடிப் பிள்ளைக்கு ஒன்று சொல்கிறேன். எல்லாவற்றையும் பறங்கி தந்தான் என்று உடனே ஒப்புக்கொள்ளாதேயும்.

பழைய தமிழில் ‘பண்ணியம்’ என்றால் பலகாரம். பணியாரம் என்று இன்றைக்கும் சொல்கிறோம். பண்ணுதல் என்றால் செய்தல், ஆக்குதல், சமைத்தல். பண் என்ற வேரிலிருந்து பாண் வருவதற்கு எந்தத் தடையும் இல்லை. குறில் நீண்டு நெடிலாவது தமிழில் புதிதா? படு பாடு ஆகிறது, சுடு சூடு ஆகிறது. பண் பாண் ஆகாதா? மாவைப் பிசைந்து பண்ணினது பாண். போர்த்துக்கேயன் கப்பலில் வந்தபோது இங்கே கேட்டுக்கொண்டு போயிருக்கலாம் அல்லவா?

மூன்று சுழி ண் இருப்பதே இது தமிழ் என்பதற்குச் சாட்சி என்பது என்னுடைய எண்ணம்.

நல்லூரடி:
ஐயா, நீங்கள் சொன்ன பண்ணியம், பணியாரம் இரண்டையும் நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன். ஆனால் கடைப் பாண் விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. குறைநினைக்க வேண்டாம், காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஒலி ஒத்துப்போவது மட்டும் போதாது. அது யாரோடு சேர்ந்து வந்தது என்றும் பார்க்கவேண்டும். எங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். இருக்கிற கதிரை ‘கதெய்ரா’, மேசை ‘மெசா’, அலுமாரி ‘அர்மாரியு’, சன்னல் ‘ஜனெலா’, குசினி ‘கொசீஞா’, துடைக்கிற துவாய் ‘துவால்யா’, லேஞ்சி ‘லென்சு’, சப்பாத்து ‘சப்பாத்து’வேதான். இவை எல்லாம் போர்த்துக்கேயம். 1505 இல் அவர்கள் இலங்கைக்கு வந்தார்கள், 1619 இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள், 1658 இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆண்டது நாற்பது வருடத்துக்கும் குறைவு. ஆனால் வீட்டுக்குள் இவ்வளவு சாமானுக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். பாணும் போறணையும் இந்தக் கூட்டத்தோடு வந்தவை. ஒல்லாந்தர் விட்டுப்போனவை வேறு விதம்: கந்தோர், லாச்சி, போஞ்சி.

அடுத்தது காலம். போர்த்துக்கேயச் சொல்லின் தாய் இலத்தீன் ‘பானிஸ்’. உரோமர் காலத்திலேயே அது பாணுக்குப் பெயர். கி.பி. 79 இல் எரிமலை மூடின பொம்பேயில் கருகிப்போன முழுப் பாண்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், வட்டமாக, கத்தியால் கீறி எட்டாகப் பிரித்த மாதிரி. அந்த மனிதர்கள் அதைப் ‘பானிஸ்’ என்றுதான் சொன்னார்கள். ஆகவே போர்த்துக்கேயன் எங்களிடம் கேட்டுக்கொண்டு போகவேண்டிய தேவை இருக்கவில்லை.

மூன்றாவது பொருள். கோதுமை எங்கள் தோட்டத்தில் விளைகிற தானியம் இல்லை. குரக்கனும் சாமையும் நெல்லும்தான் எங்களுடையவை. அதனால்தான் கோதுமை மா பிற்காலத்தில் வந்தபோது அதற்குத் தமிழில் பெயர் தேடாமல் ‘அமெரிக்கன் மா’ என்றே சொன்னார்கள். என் அம்மம்மா கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னா.

ஆனால் ண் பற்றிய உங்கள் பேச்சில் ஏதோ இருக்கிறது ஐயா. அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஒசாக்காவிலிருந்து:
நான் வடமராட்சி ஆள். இப்போது யப்பானில் வேலை. இந்த இழையைப் பார்த்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வந்த முதல் கிழமை. ஒரு சொல் யப்பானிய மொழி தெரியாது. பசி. ஒரு கடைக்குள் போனேன், தட்டு நிறையப் பணிஸ் மாதிரிச் சாமான். பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை தாயின் கையைப் பிடித்து இழுத்து “பான், பான்” என்று கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் பறந்து வந்த ஊரில், முதன்முதலாக விளங்கின சொல் பாண்!

பிறகு கேட்டு அறிந்தேன். போர்த்துக்கேயர் 1543 இல் தனேகஷிமா என்ற தீவில் வந்து இறங்கினார்கள். துப்பாக்கியும் கொண்டுவந்தார்கள், பாணும் கொண்டுவந்தார்கள். யப்பானியர் பிறமொழிச் சொற்களை எழுதுவதற்கென்று கதகானா என்று தனி எழுத்து வைத்திருக்கிறார்கள். பாணை இன்றைக்கும் அந்த எழுத்தில்தான் எழுதுகிறார்கள். நானூற்றைம்பது வருடத்துக்கு மேலாகியும் அது அங்கே விருந்தாளியாகவே எழுதப்படுகிறது. அதேநேரம் அது இல்லாமல் ஒரு நாள் விடிவதில்லை.

அன்பான் என்று ஒன்று இருக்கிறது. பாணுக்குள் சிவப்புப் பயறை இனிப்பாக மசித்து வைத்தது. 1874 இல் தோக்கியோவில் கிமுராயா என்ற கடை உண்டாக்கியது. ஈஸ்டுக்குப் பதிலாகச் சோற்றிலிருந்து சாக்கே வடிக்கிற புளிப்பை விட்டுத்தான் மாவை எழுப்பினார்களாம். போறணைக்காரன் அண்ணை கள் விட்ட கதையைச் சொன்னபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஊருக்கு ஊர் பாண் வந்திருக்கிறது, ஊருக்கு ஊர் அங்கே இருந்த குடிவகை அதைப் புளிக்கவைத்திருக்கிறது.

யப்பானியரிடமிருந்து கொரியாவுக்குப் போனபோது ‘ப்பாங்’ ஆயிற்று. சீனர்கள் மட்டும் வாங்கவில்லை. ‘மியன்பாவ்’ என்று தங்கள் சொல்லையே போட்டுக்கொண்டார்கள். கடைசி அசை ‘பாவ்’ என்பதால் சிலர் போர்த்துக்கேயம் என்று நினைக்கிறார்கள், அது சீனச் சொல்தான், பொதி என்ற பொருள்.

நெல்லைச்சீமை:
வணக்கம். நான் தமிழ்நாடு, திருநெல்வேலிப் பக்கம். உங்கள் இழையைப் படித்துப் பத்து நிமிஷம் குழம்பிவிட்டேன். எங்களுக்குப் பான் என்றால் பீடாக்கடையில் மடித்துத் தருகிற வெற்றிலை. நீங்கள் சாப்பிடுகிறதை நாங்கள் ‘பிரெட்’ என்போம், பழைய ஆட்கள் ‘ரொட்டி’ என்பார்கள். எங்கள் தாத்தாவுக்குக் காய்ச்சல் வந்தால் ‘ரொட்டியும் பாலும்’தான்.

நான் பத்து வருஷம் மும்பையில் இருந்தவன். அங்கே வடாபாவ், பாவ்பாஜி. அந்தப் பாவும் இதே போர்த்துக்கேயச் சொல்தான். ஹிந்தியில் பாவ் என்றால் கால்பங்கு, அதனால் கால்கால் துண்டாகப் பிய்க்கிற ரொட்டிக்கு அந்தப் பெயர் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கோவாவுக்குப் போனால் விஷயம் தெரிந்துவிடும். அங்கே விடியற்காலையில் சைக்கிளில் கூடை கட்டி ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற ரொட்டிக்காரருக்குப் ‘பொதேர்’ என்று பெயர். போர்த்துக்கேயத்தில் ‘பாதெய்ரு’ என்றால் ரொட்டி சுடுகிறவர். அங்கேயும் மாவுக்குக் கள்தான் விட்டார்கள், தென்னங்கள். வங்காளத்தில் ‘பாவுருட்டி’ என்கிறார்கள், பாவும் ரொட்டியும் சேர்ந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். ஒரே சொல் மும்பையில் பாவ், உங்கள் ஊரில் பாண் என்று எப்படிப் பிரிந்தது?

நல்லூரடி:
நெல்லைச்சீமை அண்ணா, மிக நல்ல கேள்வி. இதில் நான் இரண்டு இரவு இருந்தேன்.

போர்த்துக்கேய ஒலியை வாயால் சொல்லிப் பாருங்கள். ‘பா’ என்று தொடங்குகிறது, உதடு குவிகிறது, அதேநேரம் மூச்சு மூக்கால் போகிறது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை. மராத்தியும் குஜராத்தியும் கொங்கணியும் பேசுகிறவர்கள் உதடு குவிந்ததைப் பிடித்துக்கொண்டார்கள், பாவ் ஆயிற்று. நாங்களும் சிங்களவரும் யப்பானியரும் மூக்கைப் பிடித்துக்கொண்டோம், பான் அல்லது பாண் ஆயிற்று. தாய்லாந்தில் ‘கனொம் பங்’ என்கிறார்கள், அவர்களும் மூக்குக் கட்சி. ஒரு சொல்லைக் கேட்கிறவன் தன் மொழிக்கு எது வசதியோ அதைத்தான் காதில் வாங்குகிறான்.

நீங்கள் சொன்ன பீடாக்கடைப் பான் வேறு. அது வடமொழி ‘பர்ண’, இலை என்ற பொருள். பிராகிருதத்தில் ‘பண்ண’ ஆகி, ஹிந்தியில் பான் ஆயிற்று. குடிக்கிற பானமும் பானகமும் இன்னொன்று, ‘பா’ என்றால் வடமொழியில் குடித்தல். ஆக இலை, குடிப்பு, பாட்டு, பாண் என்று நான்கு பேர் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவருக்கொருவர் சொந்தமில்லை.

இதில் என்னை மிகவும் தொட்டது வெற்றிலை. ஆங்கிலத்தில் ‘பீட்டல்’ என்கிறார்களே, அது மலையாள ‘வெற்றில’யைப் போர்த்துக்கேயர் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்த சொல். மாங்காயையும் அப்படித்தான் ‘மங்கா’ என்று கொண்டுபோனார்கள். பாணை இறக்கிவிட்டு வெற்றிலையை ஏற்றிக்கொண்டு போன கப்பல் என்று நினைத்துப் பாருங்கள்.

லாச்சப்பல்:
பரிஸ் நகரிலிருந்து. இங்கே பிரெஞ்சில் பாணை ‘பேங்’ என்பது மாதிரி மூக்கால் சொல்வார்கள், பானிஸ்தான் அதற்கும் தாய். நண்பனைக் ‘கொப்பேங்’ என்பார்கள். ‘கூடவே பாண் உண்கிறவன்’ என்று அர்த்தம். ஆங்கிலத்துக் ‘கொம்பானியன்’, நாங்கள் கம்பனி கம்பனி என்கிறோமே, அதெல்லாம் இதே வேர்தான்: சேர்ந்திருந்து ஒரே பாணைப் பிய்த்துத் தின்கிறவர்கள்.

இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. 1990 களில் பொருளாதாரத் தடை இருந்த காலம். எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்குப் பாண் கிடைத்தால் மூன்று வீட்டுக்குப் பிரியும். தேத்தண்ணீருக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு துண்டுப் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டோம். அன்றைக்கு என்னோடு அந்தப் பாணைப் பிய்த்தவர்கள் இன்றைக்குக் கனடா, நோர்வே, சுவிஸ் என்று இருக்கிறார்கள். எல்லாரும் இன்னும் கூட்டாளிகள்தான்.

மற்றது, ஆங்கிலத்தில் பொரிக்கிற பான் இருக்கிறதே, அதற்கும் பாணுக்கும் சம்பந்தமில்லை. அதற்கு எங்கள் சொல் தாச்சி, அதுவும் போர்த்துக்கேய ‘தாச்சு’. போலந்துக்காரன் ‘பான்’ என்றால் ஐயா என்று பொருள். கிரேக்கத்தில் பான் என்றால் எல்லாம்.

சுருட்டுக்கொட்டில்:
நல்லூரடிப் பிள்ளை சொன்ன கதிரை, மேசை வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். கடைப் பாண் பறங்கிப் பாண்தான். நான் அவசரப்பட்டேன்.

ஆனால் அந்தப் பெடியனுக்கு மற்றப் பாணை நிறைவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்கு நான் உதவுகிறேன்.

பண் என்றால் இசை. பாண் என்றால் பாட்டு, பாடுகிற குடியையும் குறிக்கும். பாணர் யாழை எடுத்துக்கொண்டு வள்ளல்களைத் தேடி நடந்தவர்கள். சிறிய யாழ், சீறியாழ் வைத்திருந்தவர் சிறுபாணர். பெரிய யாழ், பேரியாழ் வைத்திருந்தவர் பெரும்பாணர். ஆகவே ‘சிறு’ என்பது ஆளுக்கோ பாட்டுக்கோ உரிய அளவு இல்லை, கையில் இருந்த யாழின் அளவு. பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன் வழியில் பசியோடு வருகிற இன்னொரு பாணனைக் கண்டு, ‘இந்த வழியாகப் போ, இன்ன இடத்தில் இன்ன சோறு கிடைக்கும், இன்னாரிடம் போனால் உன் வறுமை தீரும்’ என்று வழிகாட்டுவதுதான் ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. ஒரு பசித்தவன் இன்னொரு பசித்தவனுக்குச் சாப்பாடு கிடைக்கும் இடத்தைச் சொல்கிற பாட்டு அது. சிறுபாணாற்றுப்படை பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த நல்லூர் தமிழ்நாட்டில், எங்கள் நல்லூர் இல்லை. ஆனாலும் பெயரைச் சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

‘பாண்கடன்’ என்று புறநானூற்றில் ஒரு சொல் வருகிறது. பாணருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுப்பது அரசனின் கடமை, அதுதான் பாண்கடன். எங்கள் சந்திக் கடைக் கொப்பியிலும் பாண் கடன் எழுதுகிறார்கள். இரண்டையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடும்.

ஊர்ப்பெயருக்கு வருவோம். யாழ் வாசித்த ஒரு குருட்டுப் பாணனுக்கு அரசன் இந்த மணல்நிலத்தைப் பரிசாகக் கொடுத்தான், அதனால் யாழ்ப்பாணம் என்று ‘யாழ்ப்பாண வைபவமாலை’ சொல்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதினது. அருணகிரிநாதர் திருப்புகழில் ‘யாழ்ப்பாணாயன் பட்டினம்’ என்று பாடியிருக்கிறார். சிங்களத்தில் யாப்பனய. போர்த்துக்கேயர் ‘ஜஃபனபத்தாவ்’ என்று எழுதினார்கள், அது தேய்ந்துதான் ஜஃப்னா. எது முதல், எது பிறகு என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். கதை கதைதான், வரலாறு வேறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். ஆனால் கதையையும் சொல்லவேண்டும்.

நல்லூரடி:
நன்றி ஐயா. இப்போது எனக்கு ண் பற்றிச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். இது என்னுடைய எண்ணம், யாரும் மறுக்கலாம்.

போர்த்துக்கேய ன் எல்லாம் எங்களிடம் ண் ஆகவில்லை. சன்னல், குசினி, அன்னாசி எல்லாம் ன் தான். போறணை ண் ஆயிற்று. ஆகவே கட்டாயமான விதி ஒன்றும் இல்லை. ஆனால் இந்தச் சொல் வந்து இறங்கிய இடத்தைப் பாருங்கள். ஊரின் பெயரிலேயே ‘பாண்’ என்ற ஒலி நாள்தோறும் நாக்கில் உருள்கிற இடம். புதுச் சொல் ஒன்று ‘பான்’ என்று காதில் விழுந்தால், நாக்கு பழகின பாதையில்தான் போகும். புதிதாக வந்தவர், ஏற்கெனவே கிடந்த கதிரையில் இருந்துவிட்டார். ஐயா சொன்ன பண்ணியமும் பணியாரமும் அந்தக் கதிரைக்கு ஒரு கால் கொடுத்திருக்கும். அந்த அளவில் ஐயாவும் சரி.

வெள்ளவத்தை:
கொழும்பிலிருந்து ஒரு சின்னத் தகவல். சிங்களத்தில் ‘மாலு பான்’ என்றால் மீன் வைத்த பாண். மாலு என்றால் மீன். முச்சக்கர வண்டியில் வருகிற பாணுக்குச் ‘சூன் பான்’ என்று பெயர். சூன் என்பது ஆங்கில ‘டியூன்’. பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண். பெரும்பாலும் பேத்தோவன் 1810 இல் எழுதின ‘ஃபூர் எலீஸ்’ என்ற பியானோ இசைதான் ஒலிபெருக்கியில் போகும். சில ஊர்ப் பிள்ளைகள் அந்த இசையை வேறெங்காவது கேட்டாலும் பணிஸ் வருகிறது என்று வாசலுக்கு ஓடுவார்கள்.

வெதுப்பகம், வெதுப்பி என்று தமிழில் அழகான சொற்கள் இருக்கின்றனவே, அவற்றை ஏன் யாரும் பேசவில்லை?

போறணைக்காரன்:
வெதுப்பகம் என்று எங்கள் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. நல்ல சொல், எனக்கு அதில் பெருமை. ஆனால் வெதுப்பி தா என்று கேட்டு இதுவரைக்கும் ஒருவரும் வரவில்லை. கட்டிடத்துக்குத் தமிழ்ப்பெயர் ஒட்டிவிட்டது, பாணுக்கு ஒட்டவில்லை. 1973, 74 இல் மா தட்டுப்பாடு வந்து விடிய நாலு மணிக்கு வரிசையில் நின்றவர்களைப் பற்றி எங்கள் அப்பா சொல்லுவார், அவர்கள் நின்றது பாண் கியூவில். 2022 இல் காஸ் இல்லாமல் நிறையப் போறணைகள் மூடினபோது எங்கள் விறகுப் போறணைக்கு வந்து நின்றவர்களும் பாண்தான் கேட்டார்கள். பசியோடு சேர்ந்து ஒட்டின சொல்லை மாற்றுவது கஷ்டம்.

நல்லூரடி:
இன்றைக்கு வகுப்பில் சொன்னேன். இரண்டு பாடவேளை போயிற்று, பரவாயில்லை. பொம்பேயில் கருகின பாண், யப்பான் பிள்ளை, மும்பைப் பாவ், யாழ் தூக்கின பாணன் எல்லாரையும் பலகையில் ஏற்றினேன். போறணைக்காரன் அண்ணை மாவை வீசிச் சூடு பார்க்கிறதைச் சொன்னபோதுதான் வகுப்பு மிகவும் அமைதியாக இருந்தது. ‘பாண்கடன்’ எழுதினவுடன் முன் வாங்குப் பிள்ளை ஒன்று, “எங்கள் வீட்டிலும் இருக்கிறது ரீச்சர், மாதக் கடைசியில் அம்மா கட்டுவா” என்றது.

கேள்வி கேட்ட பெடியன் முழுவதையும் கொப்பியில் எழுதினான். கடைசியில் எழும்பி, “அப்ப ரீச்சர், இரண்டும் வேற வேற சொல், ஆனால் எங்கட ஊரில இரண்டும் இருக்கு. சரிதானே?” என்றான். சரி என்றேன்.

பின்னேரம் நாலரை மணி இருக்கும். சைக்கிளில் வீட்டுக்குத் திரும்புகிறேன், எங்கள் ஒழுங்கை முடக்கில் அதே இசை. சிவப்பு ஓட்டோ, பின்னால் கண்ணாடிப் பெட்டி, கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அரை றாத்தல் றோஸ் பாணும் இரண்டு பணிஸும் வாங்கினேன். பேப்பரில் சுற்றித் தரும்போது கை சுட்டது. ஓட்டோக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். “தம்பி, இது என்ன பாட்டு?” என்று கேட்டேன். வெள்ளவத்தைக்காரர் சொன்ன பெயரை அவர் சொல்கிறாரா என்று அறிய ஆசை.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். “இது பாண் பாட்டு அக்கா” என்றார்.

சுருட்டுக்கொட்டில்:
பிள்ளை, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் விறாந்தையில் சும்மா இருந்தேன்.

போறணைக்காரன்:
ரீச்சர், சிவப்பு ஓட்டோ, கண்ணாடியில் ஆவி படிந்தது என்றால் அது எங்களுடையதாகத்தான் இருக்கும். எந்த ஒழுங்கை என்று சொல்லுங்கள். அந்தப் பெடியன் போறணையைப் பார்க்க விரும்பினால் சனிக்கிழமை விடிய நாலு மணிக்குத் தகப்பனோடு வரச்சொல்லுங்கள். மாவை அவனே வீசிப் பார்க்கட்டும்.